அமாவாசைக்குத் திறக்காத கதவு

ஸ்ரீரங்கம்
பவ வருஷம், தை மாதம்

சௌபாக்கியவதி கோதைநாயகிக்கு அத்தை கமலவல்லியின் ஆசீர்வாதம். தாயார் புண்ணியத்தில் நானும் உன் அகமுடையான் சௌரியும் சௌக்கியம். நீயும் குழந்தையும் திருவல்லிக்கேணியில் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சௌரி தேறிவிட்டான். ஐப்பசியில் அவன் பித்தளைச் சொம்பால் உன் நெற்றியைப் பிளந்ததும், ரத்தத்தோடு நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன் அண்ணாவோடு ரயிலேறியதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்றைக்கே அவனை நெல் கொட்டும் அறையில் தள்ளிப் பூட்டினேன். கல்லடைப்பு வலிக்கு வைத்தியன் கொடுத்த அபின் உருண்டை, வலி போன பிறகும் அவனை விடவில்லை என்பது உனக்குத் தெரியாததல்ல. டவுன் டாக்டர் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கடுகு கடுகாகக் குறைத்து உங்கள் கையாலேயே கொடுங்கள் என்றார். அப்படியே கொடுத்தேன்.

அந்த நாட்களை என்னவென்று எழுதுவேன். கதவை உதைப்பான். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். 'கிழட்டு முண்டை, வெளியே வந்தா உன் கழுத்தை நெரிச்சுட்டுத்தான் மறுவேலை' என்று வீதி கேட்கக் கத்துவான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பகவான் நாமத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் உள்ளேயிருந்து, 'அத்தை, கொஞ்சம் நிறுத்தேன், பெருமாளுக்கே காது வலிக்கும்' என்றான். இவன் பிழைத்துவிடுவான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

இப்போது மோர் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. ரயில்வே ஆபீஸில் மறுபடி சேர்த்துக்கொள்வதாகப் பெரிய குமாஸ்தா சொல்லியனுப்பினார். பங்குனி முடிகிற வரைக்கும் தனியாக எங்கேயும் விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் வாசல் சாவி என் இடுப்பில்தான். அவன் கோயிலுக்குப் போனால் வீதி முனையில் ஜட்கா நிறுத்துகிற ஷேக் தாவூது கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுகிறார்.

மாசியில் உன் மாமனார் சிராத்தம் வருகிறது. சௌரியே சொன்னான், 'கோதை கையால தளிகை பண்ணினாத்தான் அப்பாவுக்கு வயிறு நிறையும்' என்று. குழந்தைக்குத் தொட்டில்கூடக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது. உன் அண்ணா தடுப்பார். தடுக்கட்டும். அகமுடையான் கெட்டபோது விலகியிருந்தாய், சரி; தேறியபோது விலகியிருக்கலாமா? தாலி கட்டினவன் பக்கத்தில் இருப்பதுதானே பெண்ணுக்கு அழகு. அவசியம் வந்து சேர்.

தாயார் உன்னைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் நலம் நாடும் அத்தை,
கமலவல்லி


ஸ்ரீரங்கம்
பவ வருஷம், பங்குனி மாதம்

சௌபாக்கியவதி கோதைநாயகிக்கு அத்தையின் ஆசீர்வாதம். குழந்தைக்கு ஜ்வரம் நன்றாக விட்டதா? சிராத்தத்துக்கு நீ வராமல் தடுத்த அந்த ஜ்வரத்துக்கு நான் நமஸ்காரம் பண்ணுகிறேன். என்னடா இவள் இப்படி எழுதுகிறாள் என்று நினைக்காதே. முழுவதும் படி. எனக்கு ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது, வரிகள் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

சிராத்தத்தன்று காலையில் கர்த்தாவான சௌரி காவேரியில் தீர்த்தமாடிவிட்டு வர வேண்டும் என்றார் பராசர வாத்தியார். நானோ மடியில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தேன். வீதியில் இறங்கினால் மடி போய்விடும். தாவூதைக் கூட அனுப்பலாம் என்றால், சிராத்தம் பண்ணப் போகிறவனை அவர் தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று நான்தான் வேண்டாமென்றேன். டாக்டர் சொன்னது நினைவில்லாமல் இல்லை. செத்துப்போன என் அண்ணா, உன் மாமனார், வருஷத்துக்கு ஒரு நாள் பசியோடு வருகிறாரே, பிள்ளை கையால் ஒரு பிண்டம் விழ வேண்டாமா என்று நினைத்தேன். அம்மாமண்டபம் படித்துறைக்குத்தானே, முழுகினவன் ஈரவேஷ்டியோடு வந்துவிடுவான் என்று கதவைத் திறந்துவிட்டேன்.

பிராமணாள் வந்து உட்கார்ந்து வெகுநேரமாயிற்று. சௌரி வரவில்லை. பாலத்தைத் தாண்டி டவுன் அபின் கடைக்கே போய்விட்டான். திரும்பும்போது தாவூதின் ஜட்காவிலேயே வந்து இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு. கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. விரலில் அண்ணாவின் பவித்ர மோதிரம் இல்லை. அது அபின் கடையில் இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வந்த பிராமணாளை எழுப்பி அனுப்ப மனசு வரவில்லை, நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மந்திரம் சொல்லும்போதே தூங்கி விழுந்தான். குனிந்தபோது இடுப்பிலிருந்து ஓர் இலைப் பொட்டலம் பிண்டத்தின் மேலேயே விழுந்தது. வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டு 'நாராயணா' என்றார். நான் அதை எடுத்து ஹோமத்தில் போட்டேன்.

அதுவரை ஆடு மாதிரி இருந்தவன், கோதை. நெருப்புக்குள் கையை விட்டு அந்தப் பொட்டலத்தைத் துழாவினான். தோல் பொசுங்குகிற வாசனை கூடமெல்லாம் வந்தது. அது கருகிப்போயிற்று என்று தெரிந்ததும் எரிகிற கட்டையை எடுத்து என் மேல் வீசினான். தடுக்க வந்த வாத்தியாரின் குடுமியைப் பிடித்துத் தூணில் மோதினான். பிராமணாள் இலையை மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். என்னைத் தரையில் தள்ளி, 'என் மருந்தைக் கொளுத்தினியே, உன்னைக் கொளுத்தறேன் பாரு' என்று முகத்தில் மிதித்தான். அப்புறம் தொட்டிலைச் சங்கிலியோடு பிடுங்கிச் சுவரில் அடித்தான். அது பிளந்து விழுகிற வரைக்கும் அடித்தான். அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்று அவன் பார்க்கவே இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

சத்தம் கேட்டுத் தாவூது உள்ளே வந்துவிட்டார். 'மன்னிச்சுக்கங்கம்மா, இன்னைக்கு உள்ள வரக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டே சௌரியின் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தார். சௌரி அவர் புஜத்தில் பல் பதியக் கடித்தான். அவர் கையை எடுக்கவில்லை. அவரும் நானுமாக அங்கவஸ்திரத்தால் கட்டி மறுபடி நெல் அறையில் போட்டுப் பூட்டினோம். காலையில் நான் வேண்டாமென்று சொன்ன அதே மனுஷர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கடித்த இடத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டு அனுப்பினேன்.

எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. முன்பல் இரண்டு போயிற்று, பேசினால் காற்று வருகிறது, அவ்வளவுதான். டாக்டர், 'ஆரம்பத்திலேருந்துதாம்மா மறுபடியும். இது ஒரு தடவையில போற வியாதியில்லே. திரும்பத் திரும்ப வரும், நீங்களும் திரும்பத் திரும்பக் குறைச்சுண்டே வரணும்' என்றார். அப்படியே குறைத்துக்கொண்டு வருகிறேன். வெந்த கைக்குத் தினமும் நான்தான் வெண்ணெய் தடவுகிறேன். தடவும்போது குழந்தை மாதிரி அழுகிறான். அவன் கெட்டவன் இல்லை கோதை. அது உனக்கும் தெரியும்.

கெட்டுப்போன சிராத்தத்தை அமாவாசையன்று பண்ணலாம், ஆனால் கர்த்தா முழுக வேண்டும் என்று வாத்தியார் தலைக் கட்டோடு வந்து சொன்னார். அந்த அமாவாசையன்று சௌரி கதவின் பின்னால் நின்று, 'அத்தை, அப்பா பசியோட நிக்கறார். காவேரி வேண்டாம், கிணத்தடிக்காவது விடு' என்று கெஞ்சினான். குரல் அச்சு அசல் அண்ணா குரல். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை. அண்ணாவைப் பார்த்து, இந்த வருஷம் பட்டினியாகப் போ, உன் பிள்ளை பிழைத்தால் அடுத்த வருஷம் போடுவான் என்று மனசுக்குள் சொன்னேன். அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும்.

இப்போது அவன் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். நானே தபாலில் போட்டேன், இதற்கு முன்னால் வந்திருக்கும். பங்குனி உத்திரத்தில் பெருமாளும் தாயாரும் ஒரே ஆசனத்தில் சேர்ந்திருக்கும்போது நாமும் போய்ச் சேவிக்கலாம் வா, நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருப்பான். அவன் பொய் சொல்லவில்லை. எழுதும்போது அதை நிஜமாகவே நம்புகிறான். ஆனால் நீ அவனுக்கு மருந்து இல்லை அம்மா. தை மாதம் நான் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. அடுத்த ஆத்து மரகதவல்லி, 'பெண்டாட்டி பக்கத்தில் இருந்தா இவன் ஏன் இப்படி ஆகிறான்' என்று கிணற்றடியில் பேசினாள். 'நாலு நாள் இங்க வந்து படுத்துண்டு பாரேன்டி' என்றேன். அன்றிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போகிறாள்.

என்னையும் அங்கே வந்துவிடச் சொல்லி உன் அண்ணா எழுதியிருந்தார். நல்ல மனசு. ஆனால் நான் வந்துவிட்டால் யார் பூட்டுவார்கள், யார் குறைத்துக் கொடுப்பார்கள்? நாலு வயசிலிருந்து நான் வளர்த்த பிள்ளை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அவன் தேறிவிட்டான் என்று யார் எழுதினாலும், நானே எழுதினாலும், ஒரு வருஷம் முழுவதும் போகட்டும். நடுவில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று தந்தி வந்தால், அது பொய்யாக இருந்தாலும் நிஜமாக இருந்தாலும் ரயிலேறாதே. அங்கேயே தலைக்குத் தீர்த்தமாடிவிட்டு, குழந்தைக்குச் சாதம் பிசைந்து கொடு.

நீ தீர்க்க சுமங்கலியாக, குழந்தையோடு, தூரத்தில் இரு.

அத்தை,
கமலவல்லி