ரோவர அனுப்பாதம்மா

அம்மா,

காலையில ட்ரெயினுக்கு ஓடுறதுக்கு முன்னாடி இத படிச்சிடு. செருப்பு போட்டுக்கினே தூங்கிட்ட. கழட்டி வெச்சேன், எழுப்ப மனசு வரல.

ரோவர் நம்ம எரிக் தம்பிய பார்த்து பல்ல காட்டுச்சுன்னு, ஞாயித்துக்கெழம அத பூதிகோட்டை ஊர்ல கொண்டுபோய் வுட்டுடலாம்னியே. அத நெனச்சா பயத்துல தூக்கமே வரலம்மா. அது கெட்ட நாயி இல்ல. நீ டெய்லி பெங்களூர்ல இருந்து வாங்கினு வர்ற சிப்ஸு, கிரீம் கேக்குல பாதிய எரிக் கட்டிலுக்கு அடியில அதுக்குத்தான் போடுறான்.

ஸ்கூல் வுட்டதும் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போனேன். "இன்னாமா, நாய்க்குட்டி வளக்குறியா, பேக்கரி வெச்சிருக்கியா?"ன்னு டாக்டர் சிரிச்சார். அப்புறம் வயித்த தொட்டுப் பார்த்துட்டு, சின்ன குட்டி இதையே தின்னா ஒடம்புல கொழுப்பு ஏறும், பசி அடங்காது, படபடன்னு ஆயி சீறும்னார். சாப்பாட்ட மாத்துனா சரியாவுமாம்.

எரிக்கும் இப்ப சோத்த தொடாம அப்டித்தானே கத்துறான்? அதுவும் பயமா இருக்கு.

நாங்க காத்துனு இருப்போம்னுதான் நீ வாங்கினு வர்ற. தெரியும்மா, கோவம் இல்ல.

டிபன் பாக்ஸ்ல லெமன் சாதம் கட்டிட்டேன். சாவிய ஜன்னல்ல வெச்சிட்டு போ.

லூயிசா

இன்னொண்ணு: சாயங்காலம் எந்த கடையிலயும் நிக்காத. வெறுங்கையோட வந்தா முன்னாடி கெளம்புற ட்ரெயின புடிச்சிடலாம் இல்ல? நம்ம கோரமண்டல் ஸ்டேஷன்ல நிக்கிறோம், மூணு பேரும்.