சரசுவுக்கு உப்பில்லாத குக்கீ கேக்

ஐப்பசி 9, புதன்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை.

சரசு போன் பண்ணினாள். கூடப்பிறந்த தங்கச்சி, இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனாலும் போன்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்கிறாளாம். மகனோடு ஓசூரில் இருக்கப் போகிறாள், இனி இந்தப் பக்கம் வருகிற எண்ணமில்லை. சனிக்கிழமை சொல்லிக்கொள்ள வருவாள்.

வருவாள். டீ மட்டும் குடிப்பாள். என் மகன் காதுகுத்திலிருந்து அப்படித்தான். அன்றைக்கு அவள் வீட்டுக்காரரை முதல் பந்தியில் எழுப்பிவிட்டுப் பல்லடத்துப் பங்காளியை உட்காரவைத்தார்கள். எழுப்பியது என் மாமனார். நான் இல்லை. இலையில் அப்போதுதான் பருப்பு விழுந்திருந்தது. சரசு மாம்பழக் கலர் சேலை. எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இனி உங்க ஊட்டு உப்பு என்ர நாக்குல படாதுங்க அக்கா."

அந்த 'ங்க'வைக்கூட விடவில்லை.

ஒரு தீபாவளிக்கு வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வைத்தேன். மாவில் ஒரு கல் உப்புப் போடுவது வழக்கமாயிற்றே என்று தட்டை என் பக்கமே தள்ளினாள். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

10, வியாழன்
வெயில். முட்டிவலி தேவலை.

பேத்தி தாரணிக்கு லீவு. போனைப் பார்த்துக் குக்கீ கேக் செய்தாள். ஓவன் கிடையாது. அடி தட்டையான இரும்புச் சட்டி, கீழே தோசைக்கல், மேலே மூடி, தீ சிறிசாக.
வாங்கியது: மைதா கால் கி., வெண்ணெய், முட்டை, சாக்லேட் சில்லு, பூரணத்துக்குக் கடைச் சாக்லேட் ஒரு டப்பா. நாட்டுச் சர்க்கரை வீட்டில் இருந்தது.

பாதி மாவைப் பரப்பி, நடுவில் பூரணம், மேலே மீதி மாவு. அடி கொஞ்சம் தீய்ந்தது. வெட்டினால் நடுவில் ஒழுகுகிறது, நல்ல ருசி. மருமகள் பனியன் கம்பெனியிலிருந்து வந்து ஷிப்மென்ட் நிற்கிறது என்று புலம்பிக்கொண்டே மூன்று துண்டு.

இனிப்புதானே, சரசுவுக்குக் கொடுக்கலாமா என்றேன். "உப்புப் போட்டிருக்குதுங்க அப்பாயி, ஒரு சிட்டிகை. அப்பத்தான் இனிப்புத் தெரியும்" என்றாள் தாரணி. வெண்ணெயிலும் உப்பாம். டப்பாச் சாக்லேட்டிலும்.

11, வெள்ளி
மதியம் வரை கரண்ட் இல்லை. கொசு.

உப்புப் போட்டே கொடுத்தால்? தின்று முடிக்கட்டும், பிறகு சொல்லலாம். எல்லார் முன்னாலும், அவள் சொன்ன மாதிரியே. பகல் முழுக்க நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வேண்டாம். ஏமாற்றித் தின்னவைத்தால் அவள் தின்றதாகாது. ஓசூரில் உட்கார்ந்து அதையும் சேர்த்துப் பேசுவாள்.

ஆனால் ஒரு வாயாவது தின்றுவிட்டுப் போக வேண்டும்.

மாட்டுக்காரம்மாவிடம் உப்பில்லாத வெண்ணெய்க்குச் சொன்னேன். பூரணத்துக்கு நிலக்கடலை வறுத்துப் பொடித்து, நாட்டுச் சர்க்கரை போட்டுப் பிசைந்தாயிற்று. தாரணி முகம் சுளித்தாள். "சப்புன்னு இருக்கும் பாருங்க." இருக்கட்டும்.

12, சனி
மேகம், மழை இல்லை. கேக் தீயவில்லை. ஓரம் சிவப்பு, நடு மெத்தென்று.

நாலு மணிக்குச் சரசு. இளைத்திருக்கிறாள், காது வேறு மந்தம். பஸ், சாமான், தன் மருமகள் குணம் என்று பேசினாள். டீ குடித்தாள். சட்டியோடு கொண்டுவந்து முன்னால் வைத்தேன். பார்த்தாள், உப்பு உண்டா என்று கேட்கவில்லை. நானே சத்தமாகச் சொன்னேன்: "ஒரு கல்லு உப்புப் போடலை சரசு. வெண்ணெயில கூட இல்லை."

கேட்காமலே சொன்னது எனக்கே பிடிக்கவில்லை.

ஸ்பூனால் ஒரு ஓரத்தை வெட்டி வாயில் போட்டாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். தாரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நல்லால்லீங்க அக்கா," என்றாள் சரசு. "உப்பைக் கொண்டாங்க."

கொண்டுவந்து வைத்தேன். அவளே எடுத்து மேலே தூவினாள். அன்றைக்குப் பந்தியில் எழுப்பியது மாமனார்தான் என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவள் இரண்டாவது துண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். உப்பை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.