பையில் இருந்த ஊசித்துளைகள்

இன்று காலை என் கராஜில், அடுப்பில் எரிக்கும் மரத்தூள் துண்டுகள் அடைத்த ஒரு பெல்லட் பை ஓரத்தில் கிழிந்திருந்தது. உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கி முகர்ந்தேன். காய்ந்த பைன் மரத்தின் வாசனை. உங்கள் ஜாக்கெட்டில் எப்போதும் இருந்த வாசனை, பாய்.

நியூ ஜெர்சியின் வடமேற்கு மலைப்பக்கத்தில் நம் ஆட்கள் சிலர் உங்களைப் பார்த்துத்தான் வீட்டைச் சூடாக்க பெல்லட் அடுப்பு வாங்கினார்கள். அவர்களுக்காக எங்கள் தமிழ் மாத இதழில் எழுதச் சொல்லி, நீங்கள் வேலை பார்த்த பெல்லட் ஆலைக்கு என்னை அழைத்துப் போனீர்கள். மரத்தூள் சுழலும் உருளையில் காய்ந்தது, பொடியாக இடிபட்டது, துளைகள் நிறைந்த எஃகு அச்சின் வழியே பிதுங்கிச் சூடாக விழுந்தது.

"முறுக்கு அச்சுதான் சார். மாவுக்குப் பதிலா மரம்."

"பசை என்ன சேர்ப்பீங்க?"

"ஒண்ணும் இல்ல. சூட்டுல மரத்தோட பிசினே இளகிப் பிடிச்சுக்கும். ஆறினா கல்லு."

ஒன்றை எடுத்து உங்கள் டீ கப்பில் போட்டீர்கள். பேசி முடிப்பதற்குள் அது ஊதிப் பிளந்து மறுபடி மரத்தூளானது. "தண்ணி பட்டா இவ்வளவுதான் ஆயுசு," என்றீர்கள்.

பிறகு பை கட்டும் இடத்தைப் பார்த்தேன். கெட்டியான பிளாஸ்டிக், வாய் உருக்கி ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. 'மழைக்குக் கவலையில்லை, வெளியிலேயே அடுக்கலாம்' என்று எழுதினேன்.

"போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க சார்," என்று கேட்டீர்கள்.

"முப்பது வருஷ நிருபர் வேலையில யாருக்கும் காட்டினதில்ல பாய்."

"நான் என்ன மந்திரியா, மறுப்பு அறிக்கை விட?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். காட்டவில்லை.

அடுக்கும்போது காற்று வெளியேற அந்தப் பைகளில் ஊசித்துளைகள் உண்டு. இலையுதிர்கால மழை அவற்றின் வழியே இறங்கியது. என் கட்டுரையை நம்பி வெளியே திறந்த மர டெக்கில் அடுக்கிய மூன்று வீடுகளில் பைக்குள் கூழ்தான் மிஞ்சியது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிரக்கில் வரவழைத்தவர் நீங்கள் என்பதால் பழி உங்கள் மேல் விழுந்தது. "மட்டமான சரக்கை பாய் நம்ம தலையில கட்டிட்டாரு" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். நீங்கள் என் கட்டுரையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "என் கராஜ்ல எக்ஸ்ட்ரா இருக்கு, வந்து எடுத்துக்குங்க" என்று மட்டும் பதில் போட்டீர்கள்.

ஜனவரித் தொடக்கத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஹாலில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

"என்ன பாய், வீட்டுக்குள்ள ஜாக்கெட்?"

"இப்பத்தான் உள்ள வந்தேன் சார்."

அடுத்த இதழில் திருத்தம் போடுகிறேன் என்றேன். "போடுங்க, அவசரமில்ல," என்றீர்கள். 'அவசரமில்ல' மட்டும் என் காதில் நின்றது. அந்த இதழ் பொங்கல் மலர், அதில் பிழையை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதற்கடுத்த இதழுக்கு அந்தச் சாக்கும் இல்லை, அப்போதும் போடவில்லை. வசந்தத்தில் உங்கள் இதயம் நின்றது. ஜனாஸா தொழுகை முடிந்து பள்ளிவாசல் பார்க்கிங்கில் ஒருவர், "நல்ல மனுஷன். அந்த பெல்லட் விஷயத்துலதான் கொஞ்சம்..." என்று இழுத்தார். அருகில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இந்த மாதம் திருத்தம் வருகிறது. நேற்று அதை உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய், அச்சுக்கு முன்பே உங்கள் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பிழை என்னுடையது, பெல்லட்டில் குறையில்லை என்பதுவரை கேட்டார். 'தம்மிடம் மிகுதியாக இருந்த பைகளைக் கொடுத்தார்' என்ற வரியில் கையைத் தூக்கினார்.

"மிகுதி இல்லண்ணே. அது எங்களுக்கு வாங்கி வச்சது. அந்தக் குளிர்ல பாதி நாள் அடுப்பே மூட்டல. ஆளுக்கொரு ஜாக்கெட் போட்டுக்கிட்டோம். நிருபர் சாருக்கு மட்டும் தெரிய வேணாம்னாரு."

'மிகுதியாக' என்ற சொல்லை அடித்தேன். அவர் முதலிலிருந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உங்கள் ஜாக்கெட் அப்போதும் கதவோரம் மாட்டியிருந்தது.