சோப்பு போடாத வேட்டை

26 நவம்பர் 2004, வெள்ளி. ஜெபல் அலி கேம்ப்.

இன்று மானை நெருங்கினேன். எழுதக் கற்றுக்கொண்டது இதை எழுதத்தான் போலிருக்கிறது.

வேலை செய்யும் நர்சரியில் கழித்துப் போட்ட மூங்கிலில் ஒரு வில் செய்தேன். ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். நர்சரிக்குப் பின்னால் குழாய் ஒழுகும் இடத்துக்கு ஒரு மான் வரும். அம்பு எட்டும் தூரத்துக்குப் போய்க் காட்டுகிறேன் என்றேன். இந்த அரபு நாட்டில் மானைக் கொன்றால் ஜெயில். அதனால் அம்பு கிடையாது, வெறும் வில்தான். முடியாவிட்டால் வில்லை உடைத்துப்போடுவேன் என்றான் ரூமில் கூட இருக்கும் பையன் செல்வம்.

ஊரில் கார்த்திகை வேட்டைக்கு முன்னால் யாரும் சோப்பு, எண்ணெய் தொடமாட்டோம். மானுக்கு மூக்குதான் கண். நானும் மூன்று நாள் குளிக்கவில்லை. இன்று கை கால் முழுக்க வேப்பிலையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டேன். சின்ன வயதில் அப்பா எனக்குத் தேய்த்துவிடுவார்.

சாயங்காலம் எதிர்காற்றில் மணலில் ஊர்ந்து போனேன். மான் தலையைத் தூக்கியது. நான் கல்லானேன். அது காதை ஆட்டிவிட்டு மறுபடி குடித்தது. பத்தடிதான் இருக்கும். நாணை இழுத்து, மெதுவாகத் தளர்த்தினேன். தோள் இன்னும் தாங்குகிறது.

"யோவ் பெருசு!" தூரத்தில் நின்ற செல்வம் கத்திவிட்டான். மான் பறந்துவிட்டது.

"வில்லு உன்னுதுதான்யா. இப்பவாவது போய்க் குளி. மூணு நாளா ரூம்ல மூச்சு விட முடியல."

வில் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. கையில் இன்னும் அப்பாவின் வாசம். நாளைக்குக் குளித்துக்கொள்கிறேன்.