சிம்பன்சிகூடக் கை நீட்டுதடி

அடியே,

நேற்றுச் சாயந்தரம் மகள் தன் போனில் சிம்பன்சிக் குரங்குகளைக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைப் பற்றித்தான் பாடம் எடுக்கப் போகிறாளாம். மரத்தடியில் இரண்டு பெண் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று முதுகைக் காட்ட, மற்றது மயிரை விலக்கி விலக்கி எதையோ எடுத்து வாயில் போட்டது. முதுகைக் காட்டியது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டால் தோட்டத்து லய வீட்டு வாசலில் எனக்கு நீயும் உனக்கு நானும் பேன் பார்ப்போம். "என்னடி இது, தோட்டத்து டிவிசன் சனமே குடியிருக்கு உந் தலையில," என்பாய். "நசுக்குடி, பேரு வச்சுக்கிட்டு இருக்காத," என்பேன். என் புருஷன் அடித்து மண்டையில் வந்த வீக்கத்தை முதலில் கண்டுபிடித்தது உன் விரல்தான். அன்றைக்கே நீ அவன் முன்னால் போய் நின்று கேட்ட கேள்வியில் அவன் அப்புறம் என்மேல் கை வைக்கவே இல்லை. அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

"இப்புடிப் பேன் பாத்துக்கிறதுக சண்டைன்னு வந்தா பக்கத்துல வந்து நிக்கும்மா," என்றாள் மகள். "ஆனா எல்லாம் நிக்காது. பெரிய ஆம்பளக் குரங்கு பக்கம் சாஞ்சுக்கிறதும் உண்டு."

"அது எனக்குத் தெரியும். நீ பாடத்த உம் பிள்ளைகளுக்கு எடு," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

முன்பு ஒரு தடவை மேல்மலையில் தேயிலைக்கு நடுவே நின்ற மரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. அதை எடுக்கும்வரை அங்கே கொழுந்தெடுக்கப் போவதில்லை என்று நாமெல்லாம் பேசிவைத்தோம். "நீ பேசு. தொரை கேட்டா மொத ஆளா நான் வந்து நிப்பேன்," என்று சொன்னது யார்? திங்கட்கிழமை காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில் நான் பேசினேன். தோட்டத்தை நடத்தும் துரை மற்றப் பெண்களைப் பார்த்து, "வேற யாருக்குப் பயம்?" என்று கேட்டார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு மேல்மலைப் பாதையில் நடந்தாய்.

கொழுந்தில் கை வைக்குமுன், விளைச்சல் பெருகட்டும் என்று ஒருத்தி "பொலி" சொல்ல, மற்றவர்கள் "பொலியோ பொலி" என்று சேர்ந்து சொல்லிவிட்டு இறங்குவது நம் வழக்கம். நல்ல குரல் என்று எப்போதும் உன்னைத்தான் சொல்லவிடுவோம். அன்றைக்கும் நீதான் சொன்னாய். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருத்தியும் இறங்கியிருக்க மாட்டாள். அந்தக் குரலுக்குப் பின்னால் என் தங்கச்சியும் போனாள். உச்சிப்பொழுதில் குளவி கலைந்து அவளைக் கொட்டித் தள்ளியது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் அவளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி மலை ஏறவே மாட்டேன் என்று கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

உனக்குக் கங்காணி வேலை கிடைத்தது. அதைத் தருவதாக மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முந்தின சனிக்கிழமையே உன்னிடம் சொல்லியிருந்தாராம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் தலையில் பேன் பார்த்துக்கொண்டேதான் "நிப்பேன்" என்றாய். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். நீ தலையைத் தடவிக்கொண்டே பறித்தாயடி.

சண்டை போட்ட சிம்பன்சி கொஞ்ச நேரத்தில் போய்க் கையை நீட்டுமாம். மற்றது பிடித்துக்கொள்ளுமாம், முத்தம்கூடக் கொடுக்குமாம். மகள் அதையும் காட்டினாள். ஆகாத மனுஷரைக் 'குரங்குப் புத்தி' என்று ஏசுகிறோமே, அது குரங்குக்குத்தான் கேவலம்.

நீ சீக்காகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன். "வந்துட்டியா? தல அரிக்குது, கொஞ்சம் பாரேன்," என்றாய். பார்த்தேன். முடியே கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது, பேன் ஏது? நீ கண்ணை மூடிக்கொண்டாய். இப்போது சொல்வாய், இப்போது சொல்வாய் என்று விரலை எடுக்காமல் இருந்தேன். என் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்றுகூட நீ கேட்கவில்லை. "நகம் படுது, மெதுவா," என்றாய். நீ சாவதற்கு முன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இந்த மாசம் கீழ்மலையில் குளவி கட்டியது. ராகலைப் பக்கமிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த செல்வி, "நீங்க பேசுங்கக்கா, நான் நிக்கிறேன்," என்றாள். பேசினேன். இப்போதிருக்கும் துரை வேறு யார் என்று கேட்டதும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளைப் பார்த்து எல்லோரும் வந்தார்கள். கூட்டை எடுக்க அன்றைக்கே ஆள் அனுப்பினார்கள். திரும்பி வரும்போது செல்வி சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இவளுக்கு யார் என்ன தருவதாகச் சொல்லியிருக்கிறார்களோ என்றுதான் வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.