சாக்குக்குக் கழிக்காத எடை

என் பெஞ்சுத் தோழிக்கு,

இன்று காலை எங்கள் வார்டுக்குப் புது எடை மிஷின் வந்தது. அட்டையைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை அறை முழுக்கக் கிளம்பியது. அகலமான தட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே எடை பார்க்க ஒரு மடக்கு நாற்காலி. “இருநூத்தம்பது கிலோ வரைக்கும் தாங்கும் மேடம்” என்றார் கொண்டுவந்தவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நீ இருந்திருந்தால் முதலில் ஏறி உட்கார்ந்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் என்னைக் கையெழுத்துப் போட விட்டிருப்பாய்.

எடை விஷயத்தில் உன்னை யாராலும் ஏமாற்ற முடியாது. ஊரில் பாதி ஆண்கள் குவைத்துக்கும் சென்னைக்கும் போய்விட்ட காலத்தில், புத்தூர் வேர்க்கடலை மண்டியில் எடை போட ஆளில்லாமல் உன்னைக் கூப்பிட்டார்கள். உன் வீட்டுக்காரரும் அப்போது குவைத்தில்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திருப்பதிச் சாலையில் தனியார் ஆஸ்பத்திரிகள் புதிது புதிதாக முளைத்த அதே சமயத்தில் எனக்கும் நர்ஸ் வேலை கிடைத்தது. பிச்சாட்டூரில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். நீ புத்தூரில் இறங்குவாய், நான் திருப்பதி வரை போவேன். இரண்டு பேர் சீட்டில் நாம் இரண்டு பேர் உட்கார முடியாது. “நீ நில்லு, ஒனக்குக் காலு கீது. நான் குந்திக்கினு வரேன், எனக்கு வெயிட்டு கீது” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி நீயே சொல்வாய். பள்ளிக்கூடத்தில் மூட்டை என்று கூப்பிட்டதற்காகக் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் நின்று அழுத பெண் நீதான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் மட்டும் அதை மறக்கவில்லை. மறக்காததுதான் பின்னால் வினையாகிவிட்டது.

மண்டித் தரையில் சிந்திக் கிடந்த கடலையில் வழுக்கி விழுந்தாய். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. புத்தூரில் இருந்துகொண்டு எலும்பு உடைந்தால் வேறு எங்கே போவார்கள்? எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூர்க் கட்டுப் போடும் இடத்துக்குத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே பார்த்த பெரியவர், இது கட்டில் நிற்காது, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே உன்னைக் கூட்டிவந்தார்கள்.

நாங்கள் உன்னை வரவேற்ற லட்சணத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்கர நாற்காலியில் நீ நுழையவில்லை. கவுன் முதுகில் மூடவில்லை. ஒன்றை முன்பக்கமும் இன்னொன்றைப் பின்பக்கமும் போட்டு நான்தான் ஊக்கு குத்தினேன். கட்டிலுக்கு மாற்ற வந்த நான்கு ஆட்கள் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போர்வையின் மூலைகளைப் பிடித்து இழுத்தார்கள். “எத்தலேமு சிஸ்டர்” என்று ஒருவர் கையை விரித்தார். தூக்க முடியாதாம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நீ வாயைத் திறந்தாய்.

“யோவ், மூட்டையைத் தூக்குறவன் மூட்டையைக் கேக்க மாட்டான். நான் மனுஷி. என்னைக் கேட்டுத் தூக்கு. இந்தக் காலு நல்லா கீது, ஊணிக்கினு பாதி நானே ஏறிடறேன்.”

அவர்கள் கேட்டார்கள், நீ சொன்னாய், சுலபமாகவே ஏறிவிட்டாய்.

அடுத்து கேஸ் ஷீட்டில் எடை எழுத வேண்டும். வார்டு மிஷின் நூறு கிலோவோடு நின்றுவிடும். உன்னாலோ நிற்கவே முடியாது. “பின்னாடி சலவை மூட்டை நிறுக்கிற காட்டா இருக்கே, அங்க கூட்டிப்போய் நிறுத்துட்டு வாங்க” என்றார் மேற்பார்வையாளர். மண்டியில் நீ தினமும் மூட்டை ஏற்றி இறக்கும் அதே மாதிரி எடை மேடை. பக்கத்துக் கட்டில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவருக்குப் பின்னால் அழுத பெண்தான் கண்ணுக்குள் வந்து நின்றாள். “வேணாம் சார், நான் பாத்துக்கறேன்” என்று அவரை அனுப்பிவிட்டு, தொண்ணூற்றைந்து என்று எழுதினேன். உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக மனசுக்குள் பெருமை வேறு.

சாயங்காலம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். ஷீட்டைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார்.

“இது நிறுத்த எடையா, எழுதின எடையா?”

அதற்குள் நீ ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டாய். “இன்னாடி இது? சாக்குக்குக் கழிச்சிட்டியா?”

மண்டியில் மூட்டையை நிறுத்த பிறகு சாக்கின் எடையைக் கழிப்பார்களே, அதைத்தான் கேட்டாய். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை.

“ஒரு கிலோ கொறைச்சி எழுதினா, கடலையை வெளைச்சிக் கொண்டாந்த ரைத்து என்னை உடுவானா? கடலைக்கே நாயம் பாக்கறவ நானு. கூடப் பொறந்தவ மாதிரி கீற நீ, என் ஒடம்பைக் கொறைச்சி எழுதிக்கினு கீறியே.”

“அவங்க சிரிச்சாங்க, அதான்...” என்றேன்.

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. தப்பான மருந்து உள்ள போனா யாரு வெளிய எடுப்பா?”

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மருந்தின் அளவை முடிவு செய்ய இந்த எண்தான் ஆதாரம். பழைய ஆபரேஷன் மேஜையும் அதிக எடை தாங்காது. என் எண்ணை நம்பி உன்னை அதில் படுக்க வைத்திருந்தால் ஆபரேஷன் நடுவிலேயே மேஜை சாய்ந்திருக்கலாம் என்றார். உன்மேல் இருந்த பிரியத்தால் உன்னையே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

நீதான் வேலையைப் பார்த்தாய். “அந்தக் காட்டாவுக்குச் சக்கரம் கீதா?” என்று கேட்டாய். இருந்தது. “அப்ப நான் ஏன் அங்க போணும்? அத்த இங்க இஸ்த்துக்கினு வாங்க.”

சுற்றிலும் துணித் தடுப்பு வைத்து, காட்டாவை உள்ளே கொண்டுவந்து, அதன்மேல் ஸ்டூல் போட்டு, உன்னைக் கேட்டுக் கேட்டு உட்கார வைத்தோம். உடைந்த காலை நான் கையில் ஏந்திக்கொண்டேன். “காலையும் மேல வையி. அத்த நீ புடிச்சிக்கினா மறுபடியும் கொறையும்” என்று அதட்டினாய். குட்டை ஸ்டூலும் தலையணையும் வைத்தோம். எடைக் குண்டை நீயே உன் கையால் நகர்த்தினாய். கம்பி மேலும் கீழும் ஆடி, நேராக நின்றது.

“நூத்தி முப்பத்தொண்ணு. ஸ்டூலுங்களையும் தலகாணியையும் நிறுத்துக் கழி.”

கழித்தால் நூற்று இருபத்திரண்டு. “அத்த எழுது” என்றாய், மண்டியில் சொல்லும் அதே குரலில். தடுப்புக்கு வெளியே யாரும் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போனது. எடை தாங்கும் மேஜை இருந்த தியேட்டருக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் நீ மறுபடியும் பஸ்ஸில் குந்திக்கொண்டு வந்தாய், நான் நின்றுகொண்டு வந்தேன். அந்தக் காலோடு எத்தனையோ வருஷம் நடந்தாய். போன தை மாதம் நீ போனபோது, ஊர் திரும்பியிருந்த உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

உன்னைக் காட்டாவில் நிறுத்த அந்த நாளிலிருந்து நான் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நச்சரிக்கிறவள் என்று எனக்குப் பெயரே உண்டு. அகலமான சக்கர நாற்காலி வந்தது. முதுகு மூடும் கவுன் வந்தது. பருத்த கைக்குச் சுற்ற வரும் பிரஷர் பட்டை வந்தது. இன்று மிஷினும் வந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேரும் ஆட்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, கேட்டுத் தூக்கு என்பதைத்தான். யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது.

மதியம் புது மிஷினில் முதலில் உட்கார்ந்தவள் சத்தியவேடு பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். உன் உடல்வாகுதான். கதவைச் சாத்தினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, கொஞ்சம் கம்மியா போட்டுக்கோயேன். யாருக்குத் தெரியப்போவுது?”

எண் தெரியும் பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பினேன். “நீயே பாத்துச் சொல்லு கண்ணு. இந்த ரூமை உட்டு வெளிய போவாது, டாக்டருக்கு மட்டுந்தான்.”

என் கையை விட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, எண்ணைப் படித்தாள். ஒரு கிலோகூடக் கழிக்காமல் எழுதினேன்.