புத்தகத்தின் அடியில் கிடந்த கடிதம்

மார்ச் 3, செவ்வாய்

சிறை அலுவலகத்திலிருந்து அப்பா பெயருக்குக் கடிதம். தம்பியைக் கொன்றவன் முன்கூட்டியே விடுதலை கேட்டிருக்கிறானாம். உள்ளே போய்ப் பத்து வருடம். குடும்பத்துக்கு ஆட்சேபம் இருந்தால் பதினெட்டாம் தேதிக்குள் அப்பா எழுதித் தர வேண்டும். தராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். பொடி எழுத்தில் கடைசி வரி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நானூறு விரிப்பு மடித்துவிட்டு வந்திருக்கிறேன், தோள் கழன்று விழுகிறது. இதுவும் இன்றைக்கே வரவேண்டுமா?

மார்ச் 4

கடிதத்தைப் பிரார்த்தனைப் புத்தகத்தின் அடியில் வைத்துவிட்டார் அப்பா. எந்த முடிவானாலும் அப்படித்தான், சாமியிடம் விட்டுவிடுவார். "அவரே சொல்லட்டும்மா." அதுவரை யாரும் தொடக்கூடாது. என் கல்யாணப் பேச்சும் அங்கே நாலு மாதம் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே சண்டை.

"தண்டிக்கிறது அவர் வேலைடா. நடுவுல நாம யாரு?"

"தப்புப் பண்ணினவனை விடாதேன்னும் அதே புத்தகத்துலதானேப்பா இருக்கு? அவன் உள்ளயே சாகட்டும்!"

ஒரே புத்தகம். ஒரே பாயில் உட்கார்ந்து கண் மூடியவர்கள். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீதான் எதையும் நம்புறதில்லையே, நீ சொல்லு." நம்பாதவளுக்கு அழுகை குறைச்சலா? சாப்பாடு எடுத்து வைத்தேன்.

மார்ச் 11

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாய்ச்சண்டை, அவன் கையில் ஒரு ஸ்பேனர் — அவ்வளவுதான். தம்பிக்கு இருபத்துமூன்று வயது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பத்து வருடமாக எரிகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு, சாமி? (நான் யாரைக் கூப்பிடுகிறேன் பார்!)

மார்ச் 15

அண்ணன் போன். "அப்பா எழுதினாரா? கடைசித் தேதி என்னைக்கு?"

"மாசக் கடைசின்னு நினைக்கிறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 18

விரிப்பு மடித்தேன்.

ஏப்ரல் 9

அவனை விட்டுவிட்டார்கள்.

அண்ணன் போனில் அழுதான். "அப்பாவோட சாமி அவனைக் காப்பாத்திடுச்சு. இனிமே அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்." தேதியை நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்பா புத்தகத்தைத் தூக்கி, கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "அவர் பதில் சொல்லிட்டாரும்மா." முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஒருவன் சாமியைத் திட்டுகிறான், ஒருவர் அவருக்கு நன்றி சொல்கிறார். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்.

டேய் தம்பி, உன்னை மறந்து செஞ்சது இல்லைடா. எரிஞ்சு எரிஞ்சு அலுத்துப்போச்சு.